இடித்தவன் நிற்க வேண்டுமே!

சட்டம் என்றால் அது கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் சம்பந்தப்பட்ட சமாசாரம், அடுப்படியில் நிற்கிற நமக்கும் அதற்கும் என்ன என்றுதான் நம்மில் பலரும் இருந்து விடுகிறோம். பால் விலை ஏறினால் கவலைப்படுகிறோம். காஸ் சிலிண்டர் வரத் தாமதமானால் கவலைப்படுகிறோம். டில்லியில் ஏதோ ஒரு சட்டத்தை மாற்றினார்கள் என்று பேப்பரில் வந்தால், அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கோலப் பக்கத்துக்குப் போய் விடுகிறோம். ஆனால் 2024-ஆம் வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஒரு சட்டப் பிரிவு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்து கொண்டது. என் கணவர் ஒரு கட்சி, என் அக்கா ஒரு கட்சி. நடுவில் நான்!

எங்கள் ஊர் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சேர்த்துக் கோட்டை கட்டிய ஊர். தேசிங்கு ராஜாவின் குதிரை பாய்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது குதிரைக்குப் பதில் லாரியும் பஸ்ஸும்தான் பாய்கின்றன. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்குப் போகிற கூட்டம். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம். அறுவடைக் காலத்தில் நெல்லும் மல்லாட்டையும் ஏற்றி வருகிற வண்டிகள் வேறு. சாலையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வீடு திரும்புகிற வரையில் எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு ஒரு காது வாசலிலேயே இருக்கும்.

என் கணவர் லாரி டிரைவர். இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்டியரிங் பிடிக்கிறார். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். வரும்போது வெங்காயமோ பருப்போ ஏற்றிக்கொண்டு வருவார். மாதத்தில் ஏழெட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். "வண்டி கிளம்பிடுச்சு" என்று போன் வந்துவிட்டால், அடுத்த போன் வருகிற வரைக்கும் எனக்குச் சாதம் தொண்டையில் இறங்காது.

அக்கா கதை வேறு. திண்டிவனம் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா தோட்டத்துக் கத்திரிக்காயை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு விடியுமுன் மார்க்கெட்டுக்குப் புறப்படுவார். 2022 டிசம்பர், மார்கழிப் பனி. கோயிலில் பாட்டுப் போடுகிற நேரம். ஏதோ ஒரு வண்டி அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. லாரியா, வேனா, காரா? இன்று வரைக்கும் தெரியாது. கத்திரிக்காய் ரோடெல்லாம் சிதறிக் கிடக்க, மாமா ஓரத்தில் கிடந்திருக்கிறார். எத்தனையோ வண்டிகள் விலகிப் போயிருக்கின்றன. கடைசியில் ஒரு பஸ் கண்டக்டர் இறங்கிப் பார்த்து 108-க்குப் போன் பண்ணினாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. "ரத்தம் நிறையப் போயிருக்கு. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்ன வார்த்தையை அக்கா இன்னும் மறக்கவில்லை.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கவனக்குறைவால் ஒருவர் சாவுக்குக் காரணமானால் அதிகபட்சம் 2 வருஷம் ஜெயில். அதற்குப் பதிலாக 2023 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம்தான் 'பாரதிய நியாய சன்ஹிதா'. அதில் 106-ஆவது பிரிவு இரண்டு பங்காக இருக்கிறது. கவனக்குறைவால் சாவு என்றால் 5 வருஷம் வரை ஜெயில் என்பது முதல் பங்கு. வண்டியைத் தாறுமாறாக ஓட்டி ஒருவர் சாவுக்குக் காரணமாகி, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே தெரிவிக்காமல் ஓடிவிட்டால் 10 வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு என்பது இரண்டாவது பங்கு.

இந்த இரண்டாவது பங்குதான் நாட்டையே இரண்டு நாள் உலுக்கிவிட்டது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி, எல்லோரும் புது வருஷ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வட மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பெட்ரோல் ஏற்றிப் போகிற டாங்கர்களும் நின்றன. பங்க்குகளில் ஊர்வலம் போல வரிசை. ஐதராபாத்தில் மக்கள் பாட்டிலும் கையுமாக முண்டியடித்ததை டி.வி.யில் பார்த்தோம். சண்டிகரில் ஒரு ஸ்கூட்டருக்கு 2 லிட்டர், ஒரு காருக்கு 5 லிட்டர் என்று ரேஷன் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு என் கணவர் சோலாப்பூர் தாண்டி ஒரு தாபா ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டியில் வெங்காயம். முன்னாலும் பின்னாலும் லாரி வரிசை.

"எப்பங்க கிளம்புவீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலை. எடுத்தா கல்லு வுடறாங்க. பத்து வருஷம் ஜெயிலு, ஏழு லட்சம் அபராதம்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. ஏழு லட்சத்துக்கு நான் எங்க போவேன், சொல்லு? அவ்ளோ இருந்தா நான் ஏன் அடுத்தவன் வண்டி ஓட்டறேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நின்ற நாளுக்குப் படி கிடையாது. கிளீனர் பையனுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுச் செலவு கைக்காசு. வெங்காயம் வெம்பினால் யார் தலையில் விடியும் என்று வேறு பயம்.

இரண்டாம் தேதி சாயங்காலம் மத்திய உள்துறைச் செயலாளர், லாரித் தொழில் செய்பவர்களின் அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ் என்ற சங்கத்தாரோடு பேசினார். அவர்களைக் கலந்து ஆலோசித்த பிறகே இந்தப் பிரிவை அமலாக்குவது பற்றி முடிவு செய்வோம் என்று வாக்குக் கொடுத்த பிறகு வேலை நிறுத்தம் அடங்கியது. அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் முழுவதும் அமலுக்கு வந்தபோது, இந்த ஒரு பங்கை மட்டும் தள்ளி வைத்தார்கள்.

அவர் வீடு வந்து சேர்ந்தார். போகிக்கு முதல் நாள் அக்காவும் பிள்ளைகளோடு வந்தாள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது பேச்சு அதில்தான் போய் நின்றது.

"பத்து வருஷம் என்ன தம்பி பத்து வருஷம்? எங்க வீட்டு ஆம்பளையை நாய் மாதிரி ரோட்டுல போட்டுட்டுப் போனானே, அவனுக்கு ஆயுசு பூரா போட்டாலும் பத்தாது. அதுக்குப் போயி ஸ்டிரைக் பண்றீங்களே" என்றாள் அக்கா.

அவர் கோபப்படவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓடினவன் செஞ்சது பாவம்தான்க்கா. நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா நின்னவனுக்கு என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னால் வெளி மாநிலத்தில் ஒரு கிராமத்துப் பக்கம், சைக்கிளில் வந்தவர் சறுக்கி லாரியின் முன்னால் விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது. இவர் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கிவிட்டார். யார் மேல் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் சேர்ந்தது, கண்ணாடி உடைந்தது, கிளீனர் பையன் மண்டையில் அடி. பாஷையும் தெரியாது. கடைக்காரர் ஒருவர் மறித்துக் கையைக் காட்டி "போ, போ" என்றாராம். நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிப் போய், அங்கே நடந்ததைச் சொல்லிச் சரணடைந்தார். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் இறங்காமலே போயிருந்தால் கிளீனர் பையன் தலையில் ஏழு தையல் விழுந்திருக்காது. அவர் நின்றதற்குக் கிடைத்த பலன் அதுதான்!

அக்கா ஒன்றும் பேசவில்லை. என் மாமியார்தான் மூலையிலிருந்து, "இடிச்சவன் நிக்கணும். நின்னவனை அடிக்கக் கூடாது. ரெண்டும் நடந்தாத்தானே கீழ விழுந்தவன் பிழைப்பான்?" என்றார். படிக்காதவர் சொன்ன அந்த வார்த்தையைவிட இந்த விஷயத்தை யாரும் தெளிவாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேப்பரில் எது வந்தாலும் வெட்டி வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். ப்ளஸ் டூ வரை படித்தவள் நான். தெரிந்த வக்கீல் அம்மா ஒருவரிடம் சந்தேகம் கேட்டுக் கொண்டேன். எனக்குத் தெரிய வந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், அந்த ஏழு லட்சம் அபராதம் என்பது சட்டத்தில் இல்லவே இல்லை. 'அபராதமும் உண்டு' என்றுதான் இருக்கிறதே தவிர, தொகை கிடையாது. போனில் ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பி வளர்ந்த பூதம் அது. அடுத்தது, போலீசுக்கு உடனே தெரிவித்தவனுக்கு அந்தப் பத்து வருஷப் பிரிவு பொருந்தவே பொருந்தாது. என் கணவர் செய்தாரே, ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாரே, அப்படிச் செய்தாலே போதும். அது மட்டுமல்ல, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க டிரைவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லும்போதே, 'கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனாலொழிய' என்று ஒரு விலக்கும் கொடுத்திருக்கிறது. அப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியாக வேண்டும். ஆக, நின்றவனை அடிப்பார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

இதையெல்லாம் சோலாப்பூர் தாபாவில் நின்றிருந்த டிரைவர்களுக்கு அவரவர் பாஷையில் ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் பாதிக் கலவரம் அடங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 'பத்து வருஷம்' என்ற மிரட்டல் மட்டும் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. தப்பிக்க அதே சட்டம் வைத்திருந்த நேர்மையான வழி யார் காதுக்கும் போகவில்லை. அந்த மௌனத்துக்கு நாடு கொடுத்த விலை இரண்டு நாள் பெட்ரோல், இரண்டு நாள் கூலி, எங்கோ அழுகிய காய்கறி.

சரி, கடுமையான சட்டமே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. ஓடுவது லாபம் என்று ஆகிவிட்டால் எல்லோரும் ஓடுவார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் முன்பு அப்படித்தான் இருந்தது. குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் கொன்றவன் அங்கேயே நின்று பிடிபட்டால் குறைந்தது 4 வருஷம் ஜெயில். ஓடிப் போய்ப் போதை தெளிந்த பிறகு பிடிபட்டால் அதைவிடக் குறைவாகத் தப்பித்துவிடலாம். ஆகவே 2014-இல், ஓடியவனுக்கும் குறைந்தது 4 வருஷம் என்று சட்டத்தை மாற்றினார்கள். நின்றவனுக்குக் குறைவு, ஓடியவனுக்கு அதிகம் என்பதுதான் நியாயம். நம் நாட்டிலும் 5 வருஷம், 10 வருஷம் என்று பிரித்ததில் அந்த நியாயம் இருக்கிறது.

ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவன் அந்த ஒரு நிமிஷத்தில் ஐந்தையும் பத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. என்றோ வரப்போகிற ஜெயிலையும், இதோ கையில் கட்டையோடு ஓடி வருகிற கூட்டத்தையும்தான் ஒப்பிடுகிறான். அந்தக் கட்டையை நாம் கீழே போடாத வரைக்கும், பத்தை இருபதாக்கினாலும் அவன் ஆக்ஸிலேட்டரைத்தான் மிதிப்பான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். தண்டனை கொடுக்க முதலில் ஆள் கிடைக்க வேண்டுமே? 2022-ஆம் வருஷத்துக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொடுத்த கணக்குப்படி, இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் மட்டும் நாடு முழுவதும் 67,387. அவற்றில் இறந்தவர்கள் 30,486 பேர். அந்த முப்பதாயிரத்தில் எங்கள் மாமாவும் ஒருவர். அந்த வருஷம் எல்லா மாநிலங்களையும்விட அதிகமான சாலை விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான் - 64,105. மாமாவை இடித்தவனுக்குப் பத்து வருஷமா, இரண்டு வருஷமா என்ற கேள்வியே எழவில்லை. அவனைப் பிடிக்கவே முடியவில்லையே! சாலையில் விளக்கும் கேமராவும் ரோந்து வண்டியும் வைத்து, 'ஓடினால் கட்டாயம் அகப்படுவோம்' என்ற பயத்தை உண்டாக்குவதற்குப் பணம் செலவாகும். சட்டப் புத்தகத்தில் ஒரு எண்ணை மாற்றுவதற்குச் செலவு கிடையாது. அதனால்தானோ என்னவோ, எண் முதலில் மாறுகிறது.

எண் மாறினால் செலவு இல்லை என்று சொன்னேன்; அரசாங்கத்துக்குத்தான் இல்லை. பழைய 304-ஏ ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இந்தப் பத்து வருஷப் பிரிவோ ஜாமீனில் எளிதாக விட முடியாதது. 2022 கணக்கின்படி, நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னும் விசாரணை முடியாதவர்கள். தப்பு யார் மேல் என்று கோர்ட் சொல்வதற்குள் டிரைவர் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும்; பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். இதைக் கண்டு பயந்து, "இந்தத் தொழிலே வேணாம்" என்று என் கணவரின் கூட்டாளிகள் இரண்டு பேர் வண்டியை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். நம் பிள்ளை ஓட்டுகிற ஸ்கூட்டியும் சட்டத்தின் கண்ணில் ஒரு வண்டிதான் என்பதையும் மறந்துவிட வேண்டாம். லாரிக்காரனுக்கு மட்டும் வந்த சட்டமல்ல இது.

இனிமேல் நான் சொல்லப் போவதைத்தான் சகோதரிகள் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன்.

2024 ஜனவரி 12-ஆம் தேதி, அதாவது எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடந்த அதே வாரத்தில், சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்துகளைத் தடுக்க வேண்டும் என்று 2012-லேயே அவர் கோர்ட்டுக்குப் போனவர். அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேப்பரில் படித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு அரசாங்கத் திட்டத்தில் பணம் உண்டு! முன்பு 25,000 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது 2 லட்சம் ரூபாய். பலத்த காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய்.

இதில் வேதனை என்ன தெரியுமா? அறுபத்தேழாயிரம் விபத்துகள் என்று சொன்னேனே, அந்தக் காலத்தை ஒட்டிய 2022-23 நிதி ஆண்டில் இந்தப் பணத்தைக் கேட்டு வந்த மனுக்கள் நாடு முழுவதும் வெறும் 205! அதைத்தான் சுப்ரீம் கோர்ட் எடுத்துக் காட்டியது. ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், 'இப்படி ஒரு திட்டம் இருக்கிறது, கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்' என்று போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியே அந்தக் குடும்பத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

மாமா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் காதுக்கு இதை யாரும் போட்டதில்லை. காரியத்துக்கு வாங்கிய கடனுக்காக அக்கா தன் தாலிச் செயினையே விற்றிருந்தாள். பேப்பரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். "இடிச்சவன் யாருன்னே தெரியலை, எவன் குடுப்பான்? சும்மா இருடி" என்று முதலில் அவள் நம்பவில்லை. அப்புறம் எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், பாங்க் பாஸ்புக் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். இந்த மனுவை விசாரிப்பது தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரி. உத்தரவு கொடுப்பது மாவட்ட ஆட்சியர். பணம் நேராக பாங்க் கணக்குக்கு வந்துவிடும். அலைச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன், நடையாய் நடந்தோம். பத்து மாதம் ஆயிற்று. ஆனால் வந்தது. ஒரு லட்சத்தைப் பெண் பேரில் டெபாசிட் போட்டாள். மீதியில் கடன் அடைத்து, ஒரு கறவை மாடு வாங்கினாள்.

போன உயிருக்கு இரண்டு லட்சம் ஈடாகுமா? ஆகாதுதான். ஆனாலும் அக்காவின் முகத்தில் ஒரு மாறுதலை நான் பார்த்தேன். "அவரு அநாதையாப் போகலைடி, கவர்மென்ட்டு ஒரு கணக்குல எழுதிக்கிச்சு" என்றாள். பத்து வருஷ ஜெயில் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமல்ல. கோபத்தோடு மட்டும் குடித்தனம் நடத்த முடியாதே.

சட்டம் பயமுறுத்துவது மட்டும் டிரைவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது; விதவையின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது கொடுப்பது மட்டும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை வீட்டுப் பெண்களாகிய நாம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே? மாதர் சங்கம், சுய உதவிக் குழு, கோயில் திண்ணை, ரேஷன் கடை வரிசை என்று நாம் கூடாத இடமா!

சொல்ல வேண்டியவை அதிகமில்லை. விபத்தைப் பார்த்தால் முதலில் 108. அடுத்தது டிரைவரின் சட்டையல்ல, வண்டியின் நம்பர். அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்கள் என்ற பயம் இனி வேண்டாம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. உங்கள் பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. விருப்பம் இருந்தால் மட்டுமே சாட்சி சொல்லலாம். வைத்தியச் செலவு யார் தலையில் என்ற தயக்கமும் வேண்டாம். 2021 டிசம்பரில் நம் பக்கத்து மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கி வைத்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்குச் சிகிச்சை இலவசம். மாமா விழுந்து கிடந்தபோது அந்தத் திட்டம் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியும் இருந்தது. அவரை நேரத்தில் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள்தான் இல்லை.

வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் கணவர்களுக்கும் வாசலில் நின்று "பார்த்துப் போங்க" என்று சொல்கிறோம் அல்லவா? அதோடு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். "ஒண்ணுன்னா நில்லுங்க, நிக்க முடியலேன்னா நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. ஓடிடாதீங்க" என்று. நான் இவரிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்து ஸ்டேஷனுக்கு உடனே போன் போட 112 என்ற நம்பரைக் கிளீனர் பையனின் போனிலும் பதிய வைத்திருக்கிறேன்.

அந்தப் பத்து வருஷப் பிரிவை எப்போது, எந்த உருவத்தில் கொண்டு வர வேண்டும் என்பதைப் பெரியவர்கள் கலந்து பேசட்டும். அது டில்லியின் வேலை. ரோட்டில் விழுந்தவனைத் தூக்குவதும், நின்றவனைக் கூட்டத்தின் கையிலிருந்து காப்பாற்றுவதும் நம் ஊரின் வேலை. அதற்கு எந்தத் தேதியில் அமல் என்று யாரும் கெஜட்டில் அறிவிக்கத் தேவையில்லை.